முந்நூறு மரங்களைக் காணவில்லை!

டெலிபோன் அலறியது.

காலை ஏழு பத்து. சார்ஜன் டெரிக் பாணைச் சம்பலில் தொட்டு வாயருகே கொண்டுபோன நேரம்.

யுத்தம் முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வாகரைக்கு வடக்கே இருந்த அந்தச் சின்னப் பொலிஸ் நிலையத்தில் இப்போதெல்லாம் டெலிபோன் அடிப்பதே அதிசயம். அடித்தால், யாருடைய வள்ளமாவது கயிறு அறுத்துப் போயிருக்கும்.

கான்ஸ்டபிள் பதியுதீன் எடுத்தான். கேட்டான். கண்கள் விரிந்தன.

"சேர்... கொக்குமுனையில பெரிய களவாம். முந்நூறு காணல்லயாம்."

"முந்நூறு என்ன?"

"மரம்."

பாண் தட்டில் விழுந்தது.

"வெட்டிட்டாங்களா?"

"இல்ல சேர். வேரோட. எழும்பி நடந்து போன மாதிரியாம்."

டெரிக் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். செபமாலை இருந்தது. இருபத்து மூன்று வருடச் சேவையில் வெடிகுண்டு பார்த்திருக்கிறார். கடலலை ஊரையே தூக்கிக்கொண்டு போனதையும் பார்த்திருக்கிறார். நடந்து போகும் மரத்தை மட்டும் பார்த்ததில்லை.

அரை மணி நேரத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவன் சுபாகரன். வாவிக் கரையில் ஐந்து ஊர்களில் உப்புச் சேற்றில் வளரும் கண்டல் மரம் நடும் திட்டத்தின் மேலாளர். கழுத்தில் அடையாள அட்டை. கையில் மடிக்கணினி. நெற்றியில் வியர்வை.

திட்டத்தை அவன் விளக்கினான். தூர தேசத்தில் ஒரு பெரிய தொழிற்சாலை. அது புகை விடுகிறது. புகை பூமியைச் சூடாக்குகிறது. அதற்காகத் தொழிற்சாலையை மூட முடியுமா? முடியாது. ஆகவே அந்த முதலாளிகள் காசு கொடுத்து இங்கே மரம் நட வைக்கிறார்கள். அங்கே விட்ட புகையை இங்கே மரம் இழுத்துக்கொள்ளும். கணக்கு சரி, பாவம் பூச்சியம்.

பதியுதீன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"விளங்கிட்டு சேர். என்ட மாமா சிகரட் பத்துவார். அவருக்காக நான் நோன்பு பிடிக்கிறன். அதுதானே?"

சுபாகரன் அவனை முறைத்தான். டெரிக் முறைப்பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

"களவு போன பொருளின்ட பெறுமதி?"

"மரத்துக்கு விலையில்ல சேர். நாப்பது வருசத்தில அது இழுக்கப் போற புகைக்குத்தான் விலை."

"அப்ப இன்னும் இழுக்கல்ல?"

"இல்ல."

"இழுக்கப் போற புகை?"

"அதுவும் இன்னும் முழுக்க வரல்ல. வந்துகொண்டிரிக்கு. வேற நாட்டுல."

டெரிக் பேனாவை மூடினார். யோசித்தார். திறந்தார். பெறுமதிக் கட்டத்தில் ‘நாற்பது வருடக் காற்று’ என்று எழுதிவிட்டு, கர்த்தரே மன்னியும் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டார்.

சுபாகரன் குரலைத் தாழ்த்தினான். மரங்களை எண்ண வெளிநாட்டிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்துவிட்டாராம். இன்று பிற்பகல் மூன்று மணிக்கு வாவிக்கு அந்தப் பக்கம் உள்ள நரிக்குடாவில் எண்ணிக்கை. நாளை காலை பத்து மணிக்குக் கொக்குமுனையில். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க இன்று விடியவே போயிருக்கிறான். பார்த்தால்... ஓட்டை!

"காவல்காரி சீதேவிப்பிள்ளை சேர். மரத்துக்கெல்லாம் பொறுப்பெண்டு கையெழுத்து வெச்சவ அவதான். கேட்டா வாயே திறக்கிறா இல்ல. நாளைக்குப் பத்து மணிக்கு மரம் நிக்கணும். இல்லாட்டி அவ உள்ள போகணும். எனக்கு ஒரு குற்றவாளி வேணும்."

"உனக்கு மரம் வேணுமா, குற்றவாளி வேணுமா?"

சுபாகரன் கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தான்.

"எது முதல்ல கிடைச்சாலும் சரி சேர்."

*

கொக்குமுனை.

கச்சான் காற்று சுட்டது. வாவி வற்றிக் கரைச் சேறு பளபளத்தது. இடுப்பளவு உயரத்தில் கண்டல் கன்றுகள் வரிசை வரிசையாக நின்றன. தெற்கு மூலையில் மட்டும்...

வட்டம் வட்டமாகக் குழிகள்!

முந்நூறு குழிகள். அகப்பையால் தயிர் அள்ளினது போல் அத்தனை சுத்தம். ஒரு கிளை முறியவில்லை. ஓர் இலைகூட உதிர்ந்து கிடக்கவில்லை.

"இப்பிடி மரியாதையான கள்ளனெ நான் கண்டதே இல்ல சேர்," என்றான் பதியுதீன்.

குழியின் காரணம் டெரிக்குக்கு உடனே விளங்கியது. சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்க வீட்டுத் திட்டங்கள். வீடு கட்டி முடிந்ததும் ஆயிரக்கணக்கில் வெறும் பெயின்ற் வாளிகள் மிஞ்சின. மாரியில் வாடைக்காற்று அடிக்கும்போது அலை வந்து இளங்கன்றைப் பிடுங்கிவிடும். அதனால் அடியில் ஓட்டை போட்ட வாளியில் கன்றை வைத்து, வாளியின் விளிம்பு வரை சேற்றில் புதைப்பார்கள். சீதேவிப்பிள்ளை கண்டுபிடித்த வழி அது. ஆகவே இங்கே ஒரு மரத்தை எடுத்துப் போக வேண்டுமானால் வெட்டத் தேவையில்லை. வாளியின் காதைப் பிடித்துத் தூக்கினால் போதும்.

சீதேவிப்பிள்ளை குடிலுக்குள் இருந்து வந்தாள். நாற்பது வயது இருக்கும். தலையில் திட்டத்தின் பச்சைத் தொப்பி, கையில் இரண்டு கோப்பை. பின்னால் பத்து வயது மகள் விதுசா, சீனிக் குவளையோடு.

"முதல்ல தேத்தண்ணியக் குடிங்க சேர். களவு எங்கயும் ஓடாது."

டெரிக் குடித்தார். தன்னைப் பிடிக்க வந்தவனுக்கு அளந்து சீனி போட்டுத் தேநீர் தருகிற மனசு இருக்கிறதே, அதை எந்தச் சட்டப் புத்தகத்தின் எந்தப் பிரிவில் சேர்ப்பது?

"அக்கா, மரம் எங்க?"

"தெரியும் சேர்."

சுபாகரன் துள்ளினான். டெரிக் கையைக் காட்டி அவனை நிறுத்தினார்.

"ஆர் எடுத்த?"

"அதுவும் தெரியும். ஆனா சொல்ல மாட்டன்."

"வித்தீங்களா?"

அவள் முகத்தில் முதல்முறையாகக் கோபம் வந்தது. விதுசாவின் தலையைத் தொட்டாள்.

"கடல் வந்த அண்டைக்கு இவக்கு நாலு வயசு. இவட அப்பா போயிட்டார். இவளெ ரெண்டு நாளைக்குப் பிறகு கண்டல் மரத்துக் கொப்புக்குள்ள இருந்துதான் எடுத்த. உசிரோட. அந்த மரத்தெ நான் விப்பனா சேர்?"

"அப்ப சொல்லுங்க. சொல்லாட்டி நாளைக்கு உங்களெ நீதவானுக்கு முன்னால நிறுத்தணும். இந்தப் புள்ளைக்கு வேற ஆர் இரிக்கா?"

சீதேவிப்பிள்ளை வாவிப் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியது. குரல் கலங்கவில்லை.

"ஒருத்தரும் இல்ல. எண்டாலும் அது என்ட வாயால வராது சேர். வந்தா, குடுத்ததுக்கே அர்த்தமில்ல."

அவ்வளவுதான். வெற்றுக் கோப்பைகளை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சுபாகரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். வெள்ளைக்காரரை அழைத்துவர வேண்டும் என்று ஜீப்பில் ஏறினான். "கைவிலங்கு கொண்டு வந்தீங்களா சேர்?" என்று போகிற போக்கில் கேட்டுவிட்டுப் போனான்.

*

டெரிக் கரையோரமாக நடந்தார். சேற்றில் வாளியின் அடி பதிந்த வட்டத் தடங்கள் தண்ணீர் வரை போயின. அங்கே வள்ளங்கள் இழுபட்ட கோடுகள். ஏழெட்டு வள்ளமாவது வந்திருக்க வேண்டும்.

"களவெடுக்க ஏழு வள்ளத்தில ஆக்கள் வந்திருக்காங்க," என்று முணுமுணுத்தார். "காவல்காரி பார்த்துக்கொண்டு நிண்டிருக்கிறா. தேத்தண்ணியும் குடுத்திருப்பா. ‘வந்தா, குடுத்ததுக்கே அர்த்தமில்ல’... பதியுதீன், எதெக் குடுத்தா வெளியில சொல்லக்கூடா?"

பதியுதீன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். தானாகவே அவன் கதை சொல்லத் தொடங்கினான். அவனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் ஒரு பெரிய சுவர்க் கடிகாரம் இருந்ததாம். உம்மாவுக்கு அது நன்றாகப் பிடித்துப் போனது. கல்யாணம் பேசி முடித்து வாசலுக்கு வரும்போது, பக்கத்து வீட்டு சபூரா மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து நேரம் என்ன என்று கேட்டாளாம். பாவம், அவளுடைய வீட்டில் அன்றைக்குக் கடிகாரம் இல்லை.

"அந்த மணிக்கூடு அவட சேர். இண்டைக்கு வரைக்கும் மாமி அதெ வாயால சொன்னதில்ல. சொன்னா புள்ளைட மானம் போயிருமே."

டெரிக் அப்படியே நின்றார்.

அவருக்கும் அப்படித்தான். மனைவி றொஷெலைப் பெண் பார்க்கப் போன நாளில் பூப்போட்ட பீங்கான் தட்டில் கேக் வைத்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தத் தட்டை அந்த வீட்டில் அவர் காணவேயில்லை. கேட்கவும் இல்லை. டெரிக்கின் பறங்கித் தெருவிலும் சரி, பதியுதீனின் சோனகத் தெருவிலும் சரி, சீதேவிப்பிள்ளையின் தமிழ்த் தெருவிலும் சரி, இந்த மட்டக்களப்பு மண்ணில் ஒரு சட்டம் எழுதாமலே நடக்கிறது. பெண் பார்க்க வரும் வீட்டுக்குக் உட்காரக் கதிரை கொடு, கோப்பை கொடு, கழுத்துச் சங்கிலியையும் கழற்றிக் கொடு. கொடுத்ததை மட்டும் சாகும்வரை சொல்லாதே!

"இரவல்!" என்றார் டெரிக். "வள்ளத்தெத் தள்ளு!"

*

நரிக்குடா.

கரையில் இறங்கும்போதே டெரிக்குக்குச் சிரிப்பு வந்தது. வாசல் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். வாழைக்குலை தொங்கியது. வாவிக் கரையில் ஐந்நூறு கண்டல் மரங்கள் மாப்பிள்ளை வீட்டார் வரும்வரை காத்திருக்கும் கன்னிப் பெண்கள் போல் தலை குனிந்து நின்றன. அவற்றில் இருநூறு, வீட்டுப் பெண்கள். மீதி முந்நூறு, விருந்தாளிகள்.

மீனவர் சங்கத் தலைவர் கதிர்காமத்தம்பி வெள்ளை வேட்டியோடு ஓடி வந்தார். காக்கியைக் கண்டதும் அவருடைய கைகள் தாமாகவே கும்பிட்டன. ஒரு கேள்விகூடக் கேட்கத் தேவைப்படவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

நரிக்குடாவில் நட்டதில் முந்நூறை எருமைகள் தின்றுவிட்டனவாம். தின்ற எருமைகளின் தயிர் நல்ல ருசியாம், அது வேறு கதை. ஆனால் எண்ணிக்கை குறைந்தால் திட்டத்துக் காசு நின்றுவிடும். அந்தக் காசில்தான் இருபத்தாறு பிள்ளைகளை வாவிக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகும் படகு ஓடுகிறது. படகு நின்றால் படிப்பு நிற்கும். சீதேவிப்பிள்ளையிடம் போய்ச் சொன்னார்.  அவள் எழும்பிப்போய் முதல் வாளியைத் தானே தூக்கித் தந்தாளாம். இன்று எண்ணி முடிந்ததும் பொழுது படுவதற்குள் திருப்பிக் கொடுப்பது என்று பேச்சு.

"வெள்ளைக்காரர் வாற எண்டா பொண்ணு பார்க்க வாற மாதிரித்தானே சார்ஜன். வெறுஞ் சுவரெக் காட்ட ஏலுமா?"

"இது முதல் தரமா?"

கதிர்காமத்தம்பி கால்விரலால் மணலைக் கிளறினார். போன தையில் கொக்குமுனையில் திட்ட அலுவலகத்தார் எண்ண வந்தபோது இவர்கள் கொடுத்தார்களாம். அதற்கு முன் தெற்கே இரண்டு ஊர்களுக்கு. வாவியில் ஊர் ஐந்து, திட்டம் ஐந்து. மரங்களோ, திருவிழாவில் வீதிவலம் வரும் சாமி மாதிரி ஊர் ஊராகப் போய் வந்துகொண்டிருந்தன!

டெரிக் தலையில் கைவைத்தார்.

"நீங்க இப்பிடி இரவல் வாங்கினதால அங்க அந்த மனுசி நாளைக்கு உள்ள போகப்போறா. தெரியுமா?"

கதிர்காமத்தம்பி அதிர்ந்து போனார். தெரியாது. சத்தியமாகத் தெரியாது. வேட்டியை மடித்துக் கட்டினார்.

"அப்ப எங்களெப் புடிங்க. மரத்தெ இப்பவே ஏத்துறம். படகு நிண்டா நிக்கட்டும். புள்ளைகளெ நாங்க தோள்ல வெச்சு நீந்துறம்."

அவர் வாளியில் கை வைத்த அதே நொடி...

ஜீப்பின் சத்தம்!

*

சுபாகரன் முதலில் இறங்கினான். அடுத்து வெள்ளைக்காரர். நல்ல உயரம். சிவந்த முகம். அகன்ற தொப்பி. கறுப்புக் கண்ணாடி. கழுத்தில் கமரா. பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் எதுவும் பேசவில்லை. "யெஸ்... யெஸ்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டு வரிசையாக மரங்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

நூறு... இருநூறு... இருநூற்று எழுபது...

வாவித் தண்ணீர் வற்றி, ஒரு வாளியின் விளிம்பு சேற்றுக்கு மேல் தெரிந்தது. அதில் பச்சை மையில் ஓர் இலக்கம்.

சுபாகரன் குனிந்தான். படித்தான். நிமிர்ந்தபோது அவனுடைய முகம் வேறாக இருந்தது.

"கொக்குமுனை, நானூற்றிப் பன்ரெண்டு. இது என்ட வாளி. சேர், இது களவு மரம். அந்தப் பொம்பிளையெ இப்பவே பிடிங்க. இந்த ஆளையும் சேர்த்துப் பிடிங்க. வெள்ளைக்கார ஐயா கண்ணால கண்டிட்டார்."

கைதட்டிய பிள்ளைகள் கதிர்காமத்தம்பியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். 

டெரிக்குக்குத் தப்ப வழியில்லை. முறைப்பாடு இருக்கிறது. பொருள் இருக்கிறது. ஒப்புதல் வாக்குமூலமும் இருக்கிறது. நாளைக்கு விதுசாவுக்கு யார் சோறு கொடுப்பார்கள் என்ற கேள்விக்கு மட்டும் முறைப்பாட்டுப் புத்தகத்தில் கட்டம் இல்லை.

கர்த்தரே, ஏதாவது ஒரு வழி... என்று அவர் செபமாலையைத் தொட்டார். பிறகு, கடமை கடமைதான் என்று குறிப்பேட்டை எடுத்தார்.

"சரி. நேரில் கண்ட சாட்சி முக்கியம். ஐயாட வாக்குமூலம் எழுதணும். பாஸ்போட்டைத் தரச் சொல்லு."

வெள்ளைக்காரர் ஓர் அடி பின்னால் வைத்தார்.

"பாஸ்போட்டா?" என்றான் சுபாகரன். அவனுடைய குரல் கீச்சிட்டது. "அது எதுக்கு சேர்... அதெல்லாம் வேணாம்..."

வெள்ளைக்காரர் இன்னோர் அடி பின்னால் வைத்தார். சேறு சறுக்கியது. தொப்பி ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம்...

"ஐயோ அம்மே, என்ட இடுப்பு!"

சுத்தமான மட்டக்களப்புத் தமிழ்!

டெரிக் குனிந்து பார்த்தார். சாம்பல் நிறக் கண்கள் இரண்டு மிரண்டுபோய் அவரைப் பார்த்தன. அந்தக் கண்களை அவர் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் பார்த்திருக்கிறார். ஒலிவ் பெரியம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில். கோழிப் பொரியலுக்கு அந்தப் பக்கம்!

"டஸ்டின்?"

"டெரிக் அண்ணே... அம்மாட்டச் சொல்லிப்போடாத."

ஒலிவ் பெரியம்மாவின் கடைசி மகன். பாசிக்குடாவில் கட்டுகிற புது ஹோட்டலுக்கு வயரிங் வேலை செய்கிறவன். பறங்கி நிறம் மட்டும் போர்த்துக்கேய முப்பாட்டன்களோடு லிஸ்பனில் இருந்து வந்தது. மற்றதெல்லாம் மட்டக்களப்பு நகரத்தில் இருந்துதான்.

டெரிக் மெல்லத் திரும்பினார். சுபாகரன் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சொல்லு தம்பி."

தம்பி சொன்னான். எண்ணுவதற்கு ஓர் உண்மையான வெள்ளைக்காரர் இருக்கத்தான் செய்கிறார். மூன்று வருடமாக வருகிறேன் வருகிறேன் என்று கடிதம் போடுகிறார். ஆனால் அவருடைய தலைமையகம் விடவில்லை. அவர் விமானத்தில் வந்து போனால் விமானம் புகை விடும். அந்தப் புகையை இழுக்க இன்னும் மரம் நட வேண்டும். நட்ட மரத்தை எண்ண அவர் இன்னொரு தடவை வர வேண்டும். இப்படியே போனால் உலகம் தாங்காது என்று, பொருத்தமான ஒருவரை உள்ளூரிலேயே ஏற்பாடு செய்து, மரம் மரமாகப் படம் எடுத்து அனுப்பும்படி எழுதிவிட்டார்கள். உள்ளூர்க்காரன் எண்ணினால் ஊர் மதிக்காதே என்று சுபாகரன்தான்...

"ஆக, நீயும் இரவல் வாங்கியிருக்கிறாய்," என்றார் டெரிக்.

சுபாகரன் கழுத்து அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"அவங்க இருபத்தாறு புள்ளைகளுக்காக வாங்கினாங்க. நீ எதுக்கு வாங்கின?"

"வேலை போயிரும் எண்டு பயம் சேர். எனக்கும் வீட்ட ரெண்டு புள்ள."

டெரிக் அவனைப் பார்த்தார். சட்டென்று அவருக்குக் கோபம் இறங்கிவிட்டது. மனிதன் பொல்லாதவனாக இருப்பதைவிடப் பயந்தவனாக இருப்பதுதான் அதிகம். பயந்தவனை அடித்தால் அவன் இன்னும் பயப்படுவான். ஒரு கை கொடுத்தால் நிமிர்ந்து விடுவான்.

முறைப்பாட்டை நீட்டினார். சுபாகரன் அதன் குறுக்கே கோடு போட்டு, ‘களவு இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தான்.

ஆனால் டெரிக் அதோடு விடவில்லை. பொய்யை மூடிவைத்தால் அது மேலும் எருமையைப் போல் தின்றுகொண்டே இருக்கும் என்றார். இன்றே தலைமையகத்துக்கு உண்மையை எழுத வேண்டும். எருமை தின்றது, ஐந்து ஊரும் ஒன்றையொன்று தாங்கின, எண்ணியவன் ஒரு வயரிங்காரன், எல்லாம். மாரி தொடங்குமுன் நரிக்குடா முந்நூறு சொந்தக் கன்று நட வேண்டும். வேலிக்குக் கம்பி திட்டத்தின் பொறுப்பு. அதுவரை படகை நிறுத்த வேண்டாம் என்று கெஞ்சியும் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

"உண்மையெச் சொன்னா நிறுத்திப்போடுவாங்க சேர்."

"நிறுத்தினா என்ட சம்பளத்தில முதல் மாச டீசல். பிறகு கடவுள் பார்ப்பார். கன்றெ எண்ண நான் வாறன். எனக்கு விமானம் தேவையில்ல, சைக்கிள் இரிக்கு."

கதிர்காமத்தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆயுளுக்கும் சார்ஜனுக்குத் தயிர் இலவசம் என்று அறிவித்தார்.

*

நாலரை மணி. வெயில் இன்னும் குறையவில்லை.

ஏழு வள்ளங்கள் கொக்குமுனைக் கரையைத் தொட்டன. முதல் வாளியைச் சுமந்து இறங்கியவன் சுபாகரன். புதுச் சப்பாத்து முழுக்கச் சேறு. சீதேவிப்பிள்ளைக்கு முன்னால் அதை இறக்கி வைத்தான். 

அவள் ஒன்றும் கேட்கவில்லை. யார் சொன்னது, எப்படித் தெரிந்தது, எதுவும் இல்லை. கன்றின் இலைகளைத் திருப்பிப் பார்த்தாள். பழைய குழிக்குள் வாளியை இறக்கிச் சேற்றை அணைத்தாள். பிறகு நிமிர்ந்து, "சேறு காயிறதுக்கு முதல் காலெக் கழுவுங்க மகனே. தேத்தண்ணி ஊத்துறன்," என்றாள்.

விதுசா சீனிக் குவளையோடு ஓடினாள்.

டெரிக் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். காக்கி போட்டவன் அழக்கூடாது என்று எங்கும் எழுதியில்லை. இருந்தாலும் ஒரு மரியாதை.

வள்ளத்தின் ஓரத்தில் டஸ்டின் தொப்பியில்லாமல் உட்கார்ந்திருந்தான். மூக்கும் காதும் நண்டுச் சிவப்பு. சீதேவிப்பிள்ளை அவனைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள். பாவம், எந்தத் தேசத்துப் புள்ளையோ, இந்த வெயில் தாங்குமா என்று தன் பச்சைத் தொப்பியைக் கழற்றி அவனுடைய தலையில் வைத்தாள். டஸ்டின் வாயைத் திறக்காமல் "யெஸ்... யெஸ்..." என்று தலையாட்டினான்.

பதியுதீன் டெரிக்கின் காதருகே வந்தான்.

"சேர், மரமெல்லாம் திருப்பிக் குடுத்தாச்சு. இந்த வெள்ளைக்காரரெ எப்ப திருப்பிக் குடுக்கணும்?"

டெரிக் வெயிலைப் பார்த்தார். டஸ்டினின் மூக்கைப் பார்த்தார்.

"கறுக்கிறதுக்கு முதல்!"